கண்களுக்குத் துணையாள்

முதலில் ஒரு குவளைத் தண்ணீரை முன்கண்ணாடியில் வீசுவார். பிறகு பழைய செய்தித்தாளைக் கசக்கி வட்டமாகத் தேய்ப்பார். அப்புறம் தோளில் கிடக்கும் துண்டால் ஒரு துடைப்பு. இரண்டடி பின்னால் போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இந்த ஊருப் புழுதி இருக்கே, போகவே மாட்டேங்குது" என்று மறுபடியும் ஆரம்பிப்பார். தொண்ணூறுகளில் அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்கு எதிரே டீ குடித்தவர்களுக்கு, பூமிநாதன் என்றால் இந்தக் கோலம்தான் நினைவுக்கு வரும்.

வண்டி, வியாபாரிகள் சேர்ந்து தர்மத்துக்கு வாங்கி விட்ட வெள்ளை வேன். அதில் நோயாளிகளும் போனார்கள், கண்களும் போயின. சுற்றுப்பட்டி ஊர்களில் யாராவது இறந்து, வீட்டார் சம்மதித்தால், டாக்டர் ராஜகுரு போய்க் கண்களை எடுப்பார். ஐஸ் பெட்டியில் வைத்து மதுரைக் கண் வங்கியில் சேர்ப்பது பூமிநாதனின் பொறுப்பு. தாமதமானால் கண் வீணாகிவிடும். அங்கே காத்திருப்பவர் பார்வையில்லாமலே ஊர் திரும்ப வேண்டியதுதான். தர்ம சங்கத்தில் நானும் இருந்ததால், பல பயணங்களில் அவர் பக்கத்து இருக்கை எனக்கு.

ஆரம்பத்தில் ஒருமுறை சைரன் அலறப் போய்க்கொண்டிருந்தோம். காரியாபட்டி தாண்டி ஓர் அதிகாரி மறித்தார். பின்கதவைத் திறந்தால் படுக்கை காலி. நோயாளி உள்ளே இருந்தால் மட்டுமே சைரனும் சிவப்பு விளக்கும் என்றுதான் அனுமதி, பெட்டியில் இருப்பது எதுவானாலும் சட்டப்படி சரக்கு என்றார். கண்ணுக்கென்று தனியாக விதி போடவில்லையே என்று வருத்தமும் பட்டார். சைரனை மட்டும் விடவில்லை. ரோட்டில் காயப்போட்ட கொத்தமல்லிச் செடிகள் மேலும், ஆட்டு மந்தைகள் நடுவிலும் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். திரும்பும் வழியெல்லாம் நான் அந்த அதிகாரியைத் திட்டித் தீர்த்தேன். பூமிநாதன் பின்னால் கிடந்த காலிப் படுக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தார்.

அடுத்த தடவை கண் கிடைத்தது மல்லாங்கிணற்றில். பெட்டியை ஏற்றிக்கொண்டவர் நேரே ராமசுப்புவின் மளிகைக் கடை முன்னால் போய் நிறுத்தினார். ராமசுப்புவுக்கு வெகுநாளாகக் குடலிறக்கம். ஆபரேஷன் என்றால் வெல்லம் வரட்டும், தீபாவளி போகட்டும் என்று சாக்குச் சொல்லும் ஆள்.

"அண்ணாச்சி, ஏறிப் படுங்க. உங்களுக்குச் சீக்கு தீரும், எனக்குச் சைரன் கெடைக்கும்."

கல்லாவைப் பூட்ட மட்டும்தான் அவருக்கு அவகாசம் கொடுத்தார். அன்றைக்குச் சைரனோடு போனோம். கண்ணும் பிழைத்தது, அண்ணாச்சியும் பிழைத்தார்.

அதுவே வழக்கமாகிவிட்டது. எந்த ஊரில் யார் வைத்தியத்தைத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதெல்லாம் பூமிநாதனுக்கு அத்துப்படி. ஒரே ஒரு பிடிவாதம், ஆள் நிஜமான நோயாளியாக இருக்க வேண்டும். ஒருநாள் யாரும் கிடைக்காமல், நானே படுத்துக்கொள்கிறேன் என்றேன். "பொய்க்குச் சைரன் போட்டா, நாளைக்கு நெசத்துக்கு எவன் சார் ஒதுங்குவான்?" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். அரிச்சந்திரனுக்கு டிரைவர் வேலை எதற்கு என்று கேலி செய்தேன். சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். இப்போதெல்லாம் ஓர் இதயம் போவதற்காக நகரமே வழிவிடுகிறது என்று பத்திரிகையில் படிக்கிறேன். படிக்கும்போது அந்த வேனில் ஏறிக்கொள்ள மாட்டோமா என்று மனசு ஏங்கிப்போகிறது.

ஒரு கோடையில் அவருக்குப் புழுதி ரொம்ப அதிகமாகிவிட்டது. பனைமர நிழலுக்குப் பிரேக் போட்டார். எதிரே வந்த பஸ்ஸின் போர்டை என்னைப் படிக்கச் சொன்னார். கண்ணைக் காட்டுங்கள் என்று அவர் மனைவி செல்வலட்சுமி மன்றாடினாள், நானும் சொன்னேன். "கண்ணாடிதான் சார் அழுக்கு" என்பார். கண்ணில் குறை என்று தெரிந்தால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம். ஸ்டியரிங்கை விட்டால் அந்த மனிதருக்கு வேறு பிடிப்பே கிடையாது.

திருச்சுழிக்குப் பக்கத்தில் வெள்ளைத்தாய் என்ற அம்மாள் இறந்தது அந்தக் கோடையில்தான். டாக்டர் கண்களை எடுத்து முடித்தபோது, அருப்புக்கோட்டையில் ஊர்வலம், லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன என்று தகவல் வந்தது. சைரன் இல்லாமல் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. கூட்டிப்போக நினைத்திருந்த நோயாளி சந்தனம்மாள் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். யாரையாவது படுக்க வையுங்கள் என்றார் டாக்டர். எல்லோரும் பூமிநாதனைப் பார்த்தோம்.

துடைத்து முடித்த கண்ணாடியை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு வெள்ளைத்தாயின் அண்ணன் மகன் பாண்டீஸ்வரனைக் கூப்பிட்டார். அவன் லாரி ஓட்டுகிறவன். லைசென்ஸ் கையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, சாவியை அவனிடம் கொடுத்தார்.

"நீ ஓட்டு தம்பி. சைரனைப் போடு."

நோயாளி எங்கே என்றார் டாக்டர்.

"நாந்தேன் சார். ரெண்டு கண்ணுலயும் பொரை."

அவர் பாட்டுக்குப் பின்கதவைத் திறந்து ஏறினார். முன்னால் பாண்டீஸ்வரன், லாரி ஓட்டும் பழக்க தோஷத்தில், தண்ணீர்க் குவளையைத் தேடினான்.

"தொடைக்க வேணாம்" என்றார் உள்ளேயிருந்து. "கண்ணாடி சுத்தமாத்தான் இருக்கு."

துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்து, ஐஸ் பெட்டியை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.