குச்சிப்பெட்டி ஜீவராஜ்

பாறைமேல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கைத்தொலைபேசியையும் குச்சிப்பெட்டியையும் தலைக்குத் தலை பார்த்தபடி படுக்கவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் ஜீவராஜ். இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஒன்றின் நெற்றியில் உள்ள கறுப்புக் கண் மற்றதன் கறுப்புக் கண்ணை நேராகப் பார்க்க வேண்டும்; கம்பியில்லாமல் அந்தக் கண் வழியாகத்தான் இரண்டும் பேசிக்கொள்ளும். காற்றில் தொலைபேசி ஒரு நூல் விலகினாலும் பேச்சு முறிந்துவிடும். முறிந்தால் பழைய குருடி கதவைத் திறடி என்று மறுபடி ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

செருப்பைக் கழற்றுவதற்குக் காரணம் பக்தி அல்ல. அவர் குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தில் தொலைபேசிக்கு லைன் கிடைக்கிற ஒரே இடம் மாடசாமி கோயில் பாறை. அதுவும் சாமியின் சூலத்தை ஒட்டி நின்றால்தான். குனிந்து, இரண்டு உள்ளங்கைகளையும் காற்றுக்கு அணையாகக் கொடுத்து, "புடிச்சுக்க, புடிச்சுக்க" என்று முணுமுணுத்தபடி நிற்கும் மனிதரைக் கொழுந்துக்கூடையோடு கீழே போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராக்காயி தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்துவிட்டாள்: "குவைத்துல இருக்குற பொண்டாட்டி நல்லபடியா வந்து சேரணும்னு நேந்துக்கிட்டு நிக்கிறாரு. யாரும் எடையில போயி பேசிராதீங்க." அதிலிருந்து அவருக்குப் பின்னால் நின்று கும்பிட்டுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. ஒருநாள் யாரோ பெட்டியின் பக்கத்திலேயே சூடம் கொளுத்திவிட்டார்கள். ஜீவராஜ் பதறிப்போய் ஊதி அணைத்தார். சாமி சூடத்தை ஊதி அணைத்த பாவத்துக்கு அடுத்த நாள் தேங்காய் வேறு உடைத்தார். "எனக்கு மொத மொதலா ஒரு மரியாத கெடைச்சுச்சு. அதையும் மாடசாமியோட பங்கு போட வேண்டியதாப் போச்சு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு வேலை மஸ்கெலியா கடைவீதியில் ஒரு சின்ன அச்சகத்தில். ஈய எழுத்துகளைப் பொறுக்கிக் கோப்பதும், அச்சுக்குப் போகுமுன் பிழை பார்ப்பதும் அவர் பொறுப்பு. கலியாணக் காட், பூப்புனித நீராட்டு விழா அழைப்பு, மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீசு எல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பி வெளியே போனதில்லை. கோத்த எழுத்து தலைகீழாகத்தான் தெரியும். அதைப் படித்துப் படித்து, தலைகீழாக வாசிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பஸ்ஸில் எதிர் ஆசனத்துக்காரர் மடியில் விரித்திருக்கும் பேப்பரை இவர் எதிரிலிருந்தே முழுவதும் வாசித்துவிடுவார். அதனாலேயே அவருக்குப் பேப்பர் வாங்கும் பழக்கம் இல்லை.

நாள் முழுக்க அழைப்பிதழ்த் தமிழில் ஊறினால் நாக்கு சும்மா இருக்குமா? கொழும்பில் படித்து வந்தவரா என்று புதியவர்கள் கேட்கும்படி பேசுவார். ராக்காயி தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டால் "தங்கள் அன்புக்கு நன்றி" என்பார். அவள் வெளியே போய் நின்று சிரித்துவிட்டு வருவாள். மனைவி பிரியந்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன அன்று ஹட்டன் பஸ் நிலையத்தில், ஜன்னலுக்குக் கீழே நின்று, "உன் பயணம் இனிதே அமைய வாழ்த்துகிறேன்" என்றார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ் போனபிறகு அவருக்கு வீட்டுக்குப் போகும் வழியே மறந்துபோனது. அன்றிலிருந்து காம்பராவில் ஒரு தட்டுத்தான் கழுவிக் கிடக்கிறது. சமைக்கிறபோது உப்புக்கூட ஒரு ஆளுக்குப் போடத் தெரியாமல், கைப்பிடிச் சோற்றைத் தினமும் கோழிக்குப் போட்டார். அவள் இல்லாமல் அவருக்கு ஒன்றும் ஓடவில்லை. அதைச் சொல்லும் தமிழ் எந்த அழைப்பிதழிலும் இல்லை.

குச்சிப்பெட்டி பிரியந்தி அனுப்பியது. உள்ளங்கையில் அடங்கும் சாம்பல் நிறப் பெட்டி, குச்சியால் தொட்டு எழுதும் குட்டிக் கணினி. வேலை செய்யும் வீட்டு மகள் புதிதாக ஒன்று வாங்கியதால் பழையதை இவளுக்குத் தந்திருந்தாள். ஊருக்கு வந்த ஒருத்தியிடம் சவர்க்காரத்துக்கும் பாலாடைக்கட்டிக்கும் நடுவே பொதிந்து கொடுத்துவிட்டாள். முகவரி, நாட்காட்டி, கணக்கு எல்லாம் அதில் எழுதி வைக்கலாம்; தொலைபேசியோடு சேர்த்தால் இன்டர்நெட்டும் வரும் என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் ஜீவராஜ் பிடித்துக்கொண்டார். கறுப்புக் கண் வைத்த பழைய தொலைபேசி ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கும் யாழ்ப்பாணத்து குகநேசன் மாஸ்டரைப் பிடித்து, எந்த இலக்கத்துக்கு அழைப்பது, எங்கே எதைத் தட்டுவது என்று கேட்டு வைத்துக்கொண்டார். மாஸ்டர் முதல் நாளே சொன்னார்: "ஐசே, ஹட்டனில ஒரு கடையில பெரிய கொம்பியூட்டரே இருக்கு. போய் இருந்து அடிச்சிட்டு வாருமன். ஏன் இந்த மினக்கேடு?"

"வாடகைப் பெட்டில எழுதுறதும் சொந்தப் பெட்டில எழுதுறதும் ஒண்ணாகுமா மாஸ்டர்?" என்றார் ஜீவராஜ். பஸ் ஏறிப்போனால் ஒரு பொழுதில் முடியும் காரியத்துக்கு ஒரு மாரிகாலம் முழுவதையும் செலவழித்தார். அச்சகத்தில் லைன் நன்றாகக் கிடைக்கும். ஆனால் இயந்திரம் ஓடினால் மேசை ஆடும். கண்ணும் கண்ணும் விலகிப்போகும். இயந்திரம் ஓடாத நேரத்தில் முதலாளி தலைமாட்டில் வந்து நிற்பார். ஆகவே பாறைதான் கதி.

பெட்டிக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுத வேண்டும். அதையும் நாம் எழுதுகிறபடி எழுதினால் ஏற்காது. கீழே உள்ள சின்னக் கட்டத்தில், குச்சியால், அது சொல்கிற கோட்டைத்தான் இழுக்க வேண்டும். ஏ என்றால் நடுக்கோடு இல்லாத கூரை. யூ என்றால் கிண்ணம். ஒரு வரி எழுதுவதற்குள் இட்டலி வேகும். "ஈயத்துல கோத்திருந்தா இந்நேரம் ஒரு திருவிழாவே முடிஞ்சிருக்கும்" என்று அலுத்துக்கொண்டாலும், குச்சியை விடவில்லை. எப்படியோ, வேலை வீட்டு மகளின் கொம்பியூட்டரில் அவள் தட்டிய மின்மடல்கள் வந்தன, இவர் மடல்களும் சில போயின.

மாசி மாதத்தில் வந்த மடல் வேறு மாதிரி இருந்தது. ஒப்பந்தம் முடிகிறது. வீட்டுக்காரம்மா இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "நான் வரவா, இருக்கவா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டிருந்தாள். அதற்குமேல் ஒரு சொல் இல்லை.

ஜீவராஜ் அன்றிரவே காம்பராவில் உட்கார்ந்து பதில் எழுதினார். "அன்புள்ள பிரியந்திக்கு, நலம், நலமறிய ஆவல்" என்று தொடங்கி, தோட்டத்து நலன், வானிலை, ராக்காயியின் கால்வலி எல்லாம் கடந்து, "ஆகவே நீ நாடு திரும்பி வர வேண்டும்" என்று முடித்தார். முடித்ததும் நெஞ்சு இலேசானது. இவ்வளவு நல்ல வாக்கியத்தைத் தான் எழுதியதே இல்லை என்றுகூடத் தோன்றியது.

வியாழக்கிழமை மாலை பாறையில் மழைத்தூறல். இரண்டையும் நேர்ப்படுத்தவே வெகுநேரம் ஆனது. காற்று வந்த பக்கமாகப் போய், குடையைச் சரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தால் பெட்டி தலைகீழ். அவருக்கென்ன? அனுப்புமுன் ஒருமுறை வாசித்துப் பார்ப்போமே என்று கடைசி வரிக்கு வந்தார். பிழை! 'வேண்டும்' என்ற கடைசிச் சொல்லில் யூ விழாமல் விட்டிருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அச்சேறுமுன் பிழை பிடிபட்டால் வரும் புல்லரிப்பு அது. பெட்டியைத் திருப்பினால் பட்ட பாடெல்லாம் வீண். நின்ற இடத்தில் நின்றே, எட்டி, சரியான இடத்தைக் குச்சியால் தொட்டு, கட்டத்துக்குள் ஒரு கிண்ணம் வரைந்தார். அந்த நேரம் பார்த்து லைன் நிறைந்து வந்தது. அவ்வளவுதான், தட்டிவிட்டார். மடல் போயே போய்விட்டது. கீழே வந்து ராக்காயியிடம், "செய்தி சேர்ப்பிக்கப்பட்டது" என்றார். அவள் மாடசாமிக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

மறுநாள் மத்தியானம் மாஸ்டர் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி நோட்டீசுக்குப் பிழை பார்க்க அச்சகத்துக்கு வந்தார். ஜீவராஜ் வேலையை ஓரம் தள்ளிவிட்டுப் பெட்டியை எடுத்து, அனுப்பிய மடலைப் பெருமையோடு நீட்டினார். மாஸ்டர் வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொருமுறை வாசித்தார்.

"என்ன ஐசே, மனிசியை வர வேண்டாம் எண்டோ எழுதினனீர்?"

"வர வேண்டும்னு எழுதினேன் மாஸ்டர்."

"இதில 'வேண்டாம்' எண்டெல்லோ கிடக்குது. யூ இருக்க வேண்டிய இடத்தில ஏ நிக்குது."

ஜீவராஜ் பெட்டியை வாங்கிப் பார்த்தார். பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பி, வெறும் விரலால் காற்றில் ஒரு கிண்ணம் வரைந்தார். அவர் பக்கத்திலிருந்து அது கிண்ணம். பெட்டியின் பக்கத்திலிருந்து அது கூரை. பிழையே இல்லாத மடலாக்க வேண்டும் என்று அவர் திருத்திய ஒரே ஓர் எழுத்து, பெண்டாட்டியைக் குவைத்திலேயே நிறுத்திவிட்டது. "வா" என்று ஒரு சொல் எழுதியிருந்தால் எந்தத் திசையில் நின்றாலும் இந்தக் கதி வந்திருக்காது. "ஆகவே" போட்டாயே மடையா, "நாடு திரும்பி" போட்டாயே என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டார்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மேசைமேல் தொலைபேசியைப் படுக்கவைத்தார், பெட்டியைப் படுக்கவைத்தார், கறுப்புக் கண்ணும் கறுப்புக் கண்ணும். இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேசை ஆடியது; இரண்டும் விலகின. மறுபடி வைத்தார், மறுபடி விலகின. "நிப்பாட்டுங்க! மிசினை நிப்பாட்டுங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் முதலாளியே எழுந்து வந்துவிட்டார். இயந்திரம் நின்றபிறகும் அவசரத்தில் ஜீவராஜ் தொலைபேசியைக் கோணலாகவே வைத்தார்; கண்ணும் கண்ணும் சேரவில்லை.

மாஸ்டர் பொறுமை இழந்தார். "ஐசே, உது போனெல்லோ! எடுத்துக் கதையுமன்!"

அது போன் என்பதை ஜீவராஜ் அடியோடு மறந்துதான் போயிருந்தார். வாங்கிய நாளிலிருந்து பெட்டிக்கு முன்னால் படுத்துக்கிடந்த சாமானாகவே அதைப் பார்த்துப் பழகிவிட்டார். குவைத் வீட்டு இலக்கம் அவருக்கு மனப்பாடம். சாவு, பெரிய வருத்தம், ஆஸ்பத்திரி என்றால் மட்டும் எடுக்க வேண்டும் என்று கொடுத்துவைத்த இலக்கம். ஒருதரமும் எடுத்ததில்லை.

இலக்கத்தைத் தட்டினார். மறுமுனையில் அரபுப் பேச்சு ஒன்று கேட்டது. "பிரியந்தி, பிரியந்தி" என்று மட்டும் சொன்னார். யாரோ ஓடும் சத்தம் கேட்டது. அப்புறம் அவள் குரல், மூச்சு வாங்க: "என்னாங்க? யாருக்கு என்னாச்சு? சொல்லுங்க, யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல. எல்லாரும் நல்லா இருக்காங்க. எனக்கு..." முதலாளி நிற்கிறார், மாஸ்டர் நிற்கிறார், மிசின்காரர் கையில் காகிதத்தோடு நிற்கிறார். எத்தனையோ நல்ல சொற்கள் கோத்த நாக்கில் ஒன்றும் எழும்பவில்லை. "அந்தக் கடுதாசி பொய், புள்ள."



"வர வேண்டாம்னு போட்டிருந்தீங்களே. காலையில பாத்தேன். சரி, ஒங்களுக்கு நா அங்க வேணாம் போலன்னு..." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மேடம் தொழுதுக்கிட்டிருக்காங்க. முடிஞ்சதும் இருக்கேன்னு சொல்லத்தான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன்."

"சொல்லிராத!" அச்சகம் அதிர்ந்தது. "சொல்லிராத புள்ள. அது எழுத்துப் பெசகிப்போச்சு. நீ வா. வந்துரு. நீ இல்லாம என்னால ஏலாது."

கடலுக்கு அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "இத அன்னைக்கு பஸ்சுல சொல்லியிருந்தா நா ஏறியே இருக்க மாட்டேனே" என்றாள். "சரி, வந்துர்றேன். டிக்கட்டு போடச் சொல்றேன்." பிறகு, சந்தேகத்தோடு: "என்னாங்க, அழுவுறீங்களா?"

ஜீவராஜ் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மை படிந்த புறங்கையால் கண்ணைத் துடைத்தபடி, இல்லை என்று தலையை ஆட்டினார்.