ஓடுது

ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, தலையைச் சற்றுச் சாய்த்து நிற்கிறார் அப்பா. பத்து எண்ணும் நேரம். பிறகு அடுப்படியில் இருக்கும் அம்மாவுக்குக் கேட்கும்படி, "ஓடுது" என்கிறார். அடுத்து தண்ணீர் மோட்டார். அதற்கும் ஒரு உள்ளங்கை, ஒரு "ஓடுது". அதன் பிறகுதான் டீ. ஓடாமல் அது எங்கே போய்விடப் போகிறது என்று அம்மா நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயர் கப்பல்காரர். பத்தொன்பது வருடம் கடற்படையில் இருந்தார். பத்தொன்பதும் என்ஜின் அறையில், நீர்மட்டத்துக்குக் கீழே. கடல் எப்படி இருக்கும் என்று ஆசையாகக் கேட்கும் பேரப்பிள்ளைகளிடம், "எனக்கென்ன தெரியும்? நான் கடலைப் பார்த்ததெல்லாம் லீவுலதான்" என்பார். அந்த இரைச்சலில் பேச்சு எடுபடாதாம். குழாயில் கை வைத்தால் போதும், எந்த பம்ப் மக்கர் செய்கிறது என்று சொல்லிவிடலாமாம். வலது கட்டைவிரலுக்குக் கீழே வழவழவென்று ஒரு தழும்பு. எந்தக் குழாயில் கை வைக்கக் கூடாது என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொண்டாராம்.

ஓய்வு பெற்றதும் வீடு பார்த்தார்கள். அமைதியான தெருதான் வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றாள். மனுஷன் அச்சகத்தின் பின்சுவரை ஒட்டிய வீட்டைப் பிடித்தார். மெஷின் ஓடும் நாளெல்லாம் மதியம் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். ஞாயிற்றுக்கிழமை அச்சகம் மூடிக் கிடக்கும். அன்றைக்குப் புரண்டு புரண்டு படுப்பார். கப்பலில் என்ஜின் ஓடும்வரை எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்களாம், நின்றால்தான் விழுந்தடித்து எழுவார்களாம். இதை நூறு தடவை கேட்டு நூறு தடவையும் சிரித்திருக்கிறோம். அதில் ஒரு சேதி இருக்கிறது என்று எங்கள் மரமண்டைகளுக்கு உறைக்கவில்லை.

போன மாதம் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன். நன்றாக முடிந்தது என்றார்கள். ஆனால் கண் திறக்கவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். மூச்சு அவராகத்தான் விட்டார். விழிப்பு மட்டும் வரவில்லை. தெரிந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள் என்றார் டாக்டர். கேட்கவா வேண்டும்? சத்தம் போடுவதில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. நான் கெஞ்சினேன். அண்ணன் கப்பல் அதிகாரி மாதிரி அதட்டிப் பார்த்தான். அம்மா நாற்பது வருடக் குறைகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். அவர் அசையவில்லை.

நாலாம் நாள் காலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் ஒரு தாளை நீட்டினான். எதையும் முன்கூட்டியே செய்து வைத்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பேப்பரில் அஞ்சலி போட அப்பாவைப் பற்றி நாலு வரி எழுதி வை, அந்த நேரத்தில் யாருக்கும் கையும் ஓடாது காலும் ஓடாது என்றான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவனை அங்கேயே ஒரு வழி பண்ணியிருப்பேன். அவன் கண்ணைப் பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன். 'பத்தொன்பது வருடம் கடற்படையில்' என்று எழுதினேன். அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை.

அன்று மதியம் நானும் அம்மாவும் கட்டிலருகே இருந்தபோது கரண்ட் போனது. மருத்துவக் கருவிகள் பேட்டரியில் ஓடின. தலைக்கு மேல் நாலு நாளாக உறுமிக்கொண்டிருந்த ஏசி மட்டும் நின்றுபோனது.

அப்பாவின் வலது கை நகர்ந்தது. கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்து, உள்ளங்கையை அதன்மேல் அழுத்தினார். பிறகுதான் கண் திறந்தார். எங்களைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தார்.

"எதை நிறுத்தினீங்க?" என்றார்.

அம்மா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அப்பாடா! சத்தம் நின்றால் எழுகிற மனுஷனை, நாள் கணக்கில் சத்தம் போட்டு எழுப்பப் பார்த்திருக்கிறோம். வராந்தாவுக்கு ஓடி, அந்தத் தாளை அண்ணன் கையிலேயே திணித்தேன். "நல்லவேளை, நீ சோம்பேறி" என்று சொல்லிவிட்டு, அதைச் சுக்குநூறாகக் கிழித்தான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. அச்சகம் மூடியிருக்கிறது. சாப்பிட்டுவிட்டு அப்பா கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அம்மா கட்டிலோரம் வருகிறாள். நான் வாசல்படியில் நிற்பது அவளுக்குத் தெரியாது. தையல் போட்ட இடத்தைத் தவிர்த்து, அவர் மார்பில் மெல்ல உள்ளங்கையை வைத்து, தலையைச் சற்றுச் சாய்க்கிறாள்.

"ஓடுது" என்கிறார் அப்பா, கண்ணைத் திறக்காமல்.

அம்மா கையை எடுக்கவில்லை.