முயலுக்கு வருத்தம்

போன சனிக்கிழமை எங்கள் தென் லண்டனில் ஒருத்தர் முயல்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்.

நிஜமாகத்தான். கையில் பை நிறையக் கேரட். "சாப்பிடு லா... எல்லாம் சரியாயிடும்!"

எனக்குத் தலை சுற்றியது. அந்த முயல்கள் என் வேலை, சார்!

காட்டு விலங்கு நோய்கள் பற்றிப் படித்தவள் நான். கல்லூரியில் ப்ராஜெக்ட் செய்தது அமெரிக்கப் புல்வெளியில் வளை தோண்டி வாழும் பிரெய்ரி டாக் பற்றி. பேரில்தான் டாக், ஆள் அணில் சாதி. தெள்ளுப்பூச்சி பிளேக்கைக் கொண்டுவந்தால் காலனியே காலி. லண்டனில் பிரெய்ரி டாக்குக்கு எங்கே போவது? வேலையில் பாதுகாக்கப்பட்ட புல்வெளி ஒன்றின் முயல்களைக் கொடுத்தார்கள். கிட்டத்தட்ட அதே கதைதான். தெள்ளு கடிக்கும், கண் வீங்கும், குருடாகும், சாகும். வளை வளையாகப் பார்த்து, நோய் பரவும் ஆபத்து எவ்வளவு என்று சொல்ல வேண்டியது நான்.

'குறைவு' என்றுதான் சொல்லியிருந்தேன். கூட்டம் கூட்டமாகப் பிரிந்து, ஒன்றோடொன்று சேராமல் வாழ்ந்தனவே!

இப்போது? எல்லாக் கூட்டமும் ஒரே கேரட் குவியலில், மூக்கோடு மூக்கு. அதில் ஒன்றுக்குக் கண் வீங்கியிருந்தது.

"அங்கிள்! என்ன செய்யிறியள்? போர்ட் பாக்கேல்லையோ?"

ராஜு அங்கிள் எங்கள் தெருக்காரர். மலேசியாவின் பினாங்கிலிருந்து படிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அந்த ஊர் 'லா' மட்டும் நாக்கை விட்டுப் போகவில்லை.

"பாத்துட்டுத்தானம்மா வந்தேன். 'தயவுசெய்து கவனிக்கவும். முயல்களுக்கு வருத்தம் இருக்கலாம்'னு போட்டிருக்கு. பாவம் லா. அதான் கவனிக்கிறேன்."

இந்தப் பக்கம் தமிழர் அதிகம் என்று வைத்த அந்தத் தமிழ் வாசகம் என்னுடையது. யாழ்ப்பாணத்து வீட்டில் வளர்ந்தவள் வேறு எப்படி எழுதுவேன்?

"ஐயோ அங்கிள், வருத்தம் எண்டா நோய்! சோகமில்லை!"

"அப்ப நோய்னு போட வேண்டியதுதானே?"

"எங்கட வீட்டில வருத்தம் எண்டா டொக்டரிட்டப் போவம்."

"எங்க வீட்ல வருத்தம்னா ஐஸ்கிரீம் வாங்கிக் குடுப்போம் லா."

"பக்கத்திலயே இங்கிலீஷ் போர்டும் இருக்கே?"

"அத யாரும்மா படிக்கிறா? தமிழ்ல இருந்துச்சு, ஆசையா நின்னு படிச்சேன்."

கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. கேரட்டைப் பொறுக்க அவரும் குனிந்தார். வீங்கிய கண்ணோடு நின்ற முயல், எங்கள் காலடிச் சத்தம் கேட்டும் ஓடவில்லை.

திங்களன்று மேலதிகாரியிடம் ஆபத்து 'அதிகம்' என்று மாற்றச் சொன்னேன். வாசகத்தில் 'நோய்' என்று திருத்தி, 'உணவு கொடுக்காதீர்கள்' என்றும் சேர்த்து, அதையும் நீட்டினேன். அந்த மனுஷன் என்ன செய்தார் தெரியுமா? தமிழ் போர்டையே தூக்கச் சொல்லிவிட்டார்! குழப்பம் வேண்டாமாம். ஆங்கிலம் போதுமாம்.

போதுமா? யாருக்கு? அந்த ஆங்கில போர்டுக்கு முன்னால் நின்று படித்த ஒரு ஆளைக் காட்டட்டும். கேரட் பையோடு இன்னும் எத்தனை பேர் வருவார்களோ... அவர்களிடம் வேண்டாம் என்று எதை வைத்துச் சொல்வது? தமிழில் எழுதியதை ஒருத்தர் படித்தார், மனம் இரங்கினார், கடைக்குப் போய்ச் செலவும் செய்தார். ஒரு அறிவிப்புப் பலகை இதைவிட வேறென்ன சாதிக்க முடியும்? தப்பு ஒரு சொல்லில். வெட்டியது மொழியை!

நேற்று அங்கிள் போன் செய்தார்.

"போர்ட எடுத்துட்டாங்களேம்மா?"

"ஓம், அங்கிள்."

"உனக்கு வருத்தமா?"

"ஓம். இது உங்கட வருத்தம்."