ஓடை மேடேறிய வரைபடம்

அந்த வரைபடத்தில் எங்கள் மானாவாரிக் கொல்லை காட்டுக்குள் இருந்தது. எல்லைக்கல் நட அளவு பார்க்க வந்த வனத்துறையினர் ஜீப்பின் முன்பக்கத்தில் அதை விரித்தார்கள். காட்டின் எல்லையைக் காட்டும் சிவப்புக் கோடு அப்பா சாமை விதைத்திருந்த சரிவைத் தாண்டி வீடுகளை நோக்கி வந்திருந்தது.

வெள்ளிமலையிலிருந்து ஜீப் போகும் பாதையின் கடைசியில், இரண்டு ஓடைகளுக்கு நடுவே ஒரு மேட்டில் இருக்கிறது எங்கள் ஊர். மேற்கு ஓடைக்கு அப்பால் காடு. கிழக்கு ஓடைக்கு அப்பாலும் காடு. இதை எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்ததில்லை.

"ஓடைதாங்க எல்லை. அது அந்தாண்ட ஓடுது பாருங்க," என்றார் அப்பா.

"பெரியவரே, நீங்க சொல்றத நான் கேப்பேன். மேப்பு கேக்காதே," என்றார் அதிகாரி. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வாரம் வந்து கல் நடுவதாகச் சொன்னார். வரைபடத்தை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். எடுத்துக்கோ என்றார்.

நான் கள்ளக்குறிச்சியில், மனைப்பிரிவு வரைபடங்களைக் கணினியில் வரைந்து தரும் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள். ஜீப் போனபிறகு அப்பா ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "படிச்சவன் நீ இருக்கற இல்ல." பஸ் மலை இறங்கும் வரை ஒவ்வொரு வளைவிலும் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே போனேன்.

செயற்கைக்கோள் அளந்த நில உயரங்களை இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம். மின்னஞ்சல் கொடுத்துப் பதிந்துகொண்டு, வேண்டிய இடத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டால் கோப்பு வந்துவிடும். வேலை முடிந்த கையோடு அதை இறக்கினேன். ஒரு சின்னக் கொல்லை அளவு நிலத்துக்கு ஒரே ஓர் உயரம்தான் அதில் இருக்கும். வரப்புத் தகராறுக்கு உதவாது. ஆனால் ஒரு பள்ளத்தாக்கு அதில் தெரியாமல் போகாது. ஒரே உயரமுள்ள இடங்களைக் கோடுகளாக இணைத்ததும் எங்கள் மேடும் இருபுறப் பள்ளங்களும் திரையில் தெரிந்தன. அதன்மேல் அதிகாரியின் வரைபடத்தை, ஓரங்களில் அச்சிட்டிருந்த எண்களின்படி பொருத்தினேன்.

மேற்கு ஓடையைக் காட்டும் நீலக் கோடு பள்ளத்தில் இல்லை. எங்கள் சரிவில் ஏறி, இறங்கி, மறுபடியும் ஏறியது. தண்ணீர் மேடேறிப் போய்க்கொண்டிருந்தது.

காரணம் பிடிபட நேரமானது. பழைய தாள் வரைபடங்கள் பூமியின் உருண்டையை ஒரு கணக்கில் வைத்து வரையப்பட்டவை. இன்றைய போன்கள் வேறொரு கணக்கில் இடம் சொல்கின்றன. யாரோ பழைய எண்களை மாற்றாமல் அப்படியே ஏற்றியிருக்க வேண்டும். மொத்தப் படமும் கிழக்கே நகர்ந்துவிட்டது. அதைப் பிடித்து மேற்கே, கொஞ்சம் வடக்கே இழுத்தேன். இரண்டு ஓடைகளும் ஒரே நேரத்தில் தங்கள் பள்ளங்களில் போய் விழுந்தன. அப்பாவைக் கூப்பிடப் போனை எடுத்தேன். அப்போதுதான் கிழக்குப் பக்கம் கண்ணில் பட்டது.

அக்காவின் கணவர் கிழக்கு ஓடையைத் தாண்டி மரவள்ளி போட்டிருந்தார். அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு கொல்லைதான். படம் கிழக்கே நகர்ந்திருந்ததால் அது ஊருக்குள் வந்திருந்தது. படத்தைச் சரிசெய்தால் அப்பாவின் சாமைக் கொல்லை தப்பிக்கும், மச்சானின் மரவள்ளி காட்டுக்குள் போய்விடும்.

போனை வைத்துவிட்டேன்.

கல் நடுவதற்கு முந்தின நாள் ஊருக்குப் போய் அக்காவிடம் நேரில் சொன்னேன்.

"மேக்கால மட்டும் காட்டேன்டா. கெழக்கால இன்னாத்துக்கு தொறக்கற?" என்றாள்.

"ஒரு பக்கத்த மட்டும் காட்டினா, இவன் இஷ்டத்துக்கு இழுத்துட்டான்னு சொல்லுவாங்கக்கா. ரெண்டு ஓடையும் ஒண்ணா பள்ளத்துல வுழுந்தாத்தான் நம்புவாங்க."

"அப்பாவுக்கு அந்த கொல்லைன்னா எனக்கு இதுதான்டா."

மச்சான் வாசலிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா இஞ்சினியரு, எங்க கெழங்க காட்டுப் பன்னிக்கு எழுதிக் குடுத்துட்டியாமே?" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. சாப்பிடுகிறாயா என்றும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஜீப் வந்தது. அதன் முன்பக்கத்தில் மடிக்கணினியை வைத்துத் திறந்தேன்.

"சார், உங்க மேப்புல ஓடை மலை ஏறுது. மொத்தப் படமும் கெழக்க நகந்திருக்கு, மேக்க இழுத்தா சரியாய்டும்."

அதிகாரி குனிந்து பார்த்தார். "இந்த உயரமெல்லாம் எங்க புடிச்ச?"

"எல்லாருக்கும் பொதுவா வெச்சிருக்கறது சார். உங்க போன்லயே எடுக்கலாம்."

அவர் கையில் இருந்த டேப்லெட்டோடு மேற்கு ஓடைக்கு இறங்கினார். பின்னால் நாங்கள். ஷூவோடு தண்ணீரில் நின்றுகொண்டு திரையைப் பார்த்தார். அவர் நிற்கும் புள்ளி ஓடையில் இல்லை, கோட்டுக்கு வெகுதூரம் மேற்கே, காட்டுக்குள் இருந்தது. டேப்லெட்டை இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்தார். புள்ளி அங்கேயே நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, "இழு பாக்கலாம்," என்றார்.

இழுத்தேன். மேற்கு ஓடை பள்ளத்தில் உட்கார்ந்தது. அப்பா பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. அதிகாரியின் விரல் அங்கே நிற்கவில்லை. திரையில் மெதுவாகக் கிழக்கே நகர்ந்தது.

"இதுவும் சரியாத்தான் வுழுது. ஓடைக்கு அந்தாண்ட இது யார் கொல்லை?"

அப்பா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனுதுதாங்க," என்றார் மச்சான், எல்லோருக்கும் பின்னாலிருந்து.

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "மனு குடு. எத்தினி வருசமா உழுதுகினு இருக்கறேன்னு எழுது. விசாரிப்பாங்க. கல்லு ஓடையிலதான் நடுவோம்."

"கெழங்கு?"

"அத நான் சொல்ல முடியாதுப்பா."

மேற்கே கற்களை ஓடைக்கரையிலேயே நட்டார்கள். கடப்பாரைச் சத்தம் நின்றதும் எல்லோரும் கிழக்கே கிளம்பினார்கள். நான் மடிக்கணினியை மூடி அங்கேயே நின்றேன். மச்சான் திரும்பி வந்து என் தோளைத் தட்டினார். இந்த முறை சிரிப்பு இல்லை.

"நடடா. நீ வராம அவங்களே அளந்தாங்கன்னா ஓடைக்கு இந்தாண்ட ஊரு நெலத்தையும் சேத்து நட்டுட்டு போய்டுவாங்க."

அவர் முன்னால் நடந்தார். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கிழக்கு ஓடைக்கு இறங்கும் பாதையில் அக்கா நின்றிருந்தாள். அவருக்கு வழிவிட்டாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.