தூரக்கண்ணாடி ஆடாமல் பூட்டிய காலம்

வேட்டைத் துவக்கின்ர மேல குறி பாக்கிற தூரக்கண்ணாடி பூட்டுறவனின்ர தலைவிதி இதுதான்: மான் விழுந்தால் சுட்டவன் கெட்டிக்காரன், மான் ஓடினால் பூட்டினவன் மடையன். ஆருக்காவது ஒரு ஆணி இறுக்கிக் குடுத்துப் பேச்சு வாங்கின எல்லாருக்கும் இது விளங்கும்.

வேலை கிடைச்ச விதம்

எண்பதுகளின்ர நடுவில சுவிஸில, லுசேர்ண் எண்ட ஊரில ஒரு ஹோட்டலில கோப்பை கழுவிக்கொண்டிருந்தன். சவுக்காரத் தண்ணியில விரலெல்லாம் வெடிச்சுக் கிடந்த நேரம். ஊரில தண்ணி இறைக்கிற மிசின் திருத்தினவன் எண்டு கேள்விப்பட்டு, பின்தெருவில துவக்குக் கடை வைச்சிருந்த ரூடி என்னைக் கூப்பிட்டார். "வேட்டைக் காலம் முடியும்வரை பாப்பம். நீர் பூட்டினது ஒண்டும் ஆடாட்டி வேலை நிரந்தரம். ஆடினால் திரும்பக் கோப்பைதான்" எண்டார். அந்த வேலை எனக்கு எப்பிடியும் வேணும் எண்டிருந்தது.

அறையில என்னோட இருந்த சிவம் அண்ணையிட்டைச் சொன்னன். அவர் சாப்பிடுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தார். "ஊரில துவக்குக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்திட்டு, இப்ப துவக்குக் கடைக்கே வேலைக்குப் போறியோ? நல்லாயிருக்கடாப்பா."

மிசின்காரன் கை

முதல் நாள் பழகிறதுக்கு ஒரு பழுதான கண்ணாடி தந்தார். தண்ணி மிசினுக்கு இறுக்கிற மாதிரிப் பல்லைக் கடிச்சுக்கொண்டு இறுக்கினன். கண்ணாடிக் குழாய், அதைத் துவக்கோட பிடிக்கிற வளையத்துக்குள்ள நசிஞ்சு போச்சு. ரூடி கோவிக்கேல்லை. ஆணிப் புரியில எண்ணெய்ப்பசை இல்லாமல் பென்சினால, அதுதான் பெற்றோலால, துடைக்கிறது, ஆணியை மாறி மாறிக் கொஞ்சங் கொஞ்சமா இறுக்கிறது, வளையத்தின்ர ரெண்டு பக்கத்து இடைவெளியும் ஒரே அளவா இருக்குதோ எண்டு பாக்கிறது, எல்லாம் திருப்பித் திருப்பிக் காட்டினார். கடைசியில என்ர கையில இருந்த, ஆணி முறுக்கிற நீட்டுத் திறப்பை வாங்கிக்கொண்டு குட்டைத் திறப்பு ஒண்டைத் தந்தார். "ரெண்டு விரலால பிடியும். மிச்ச விரலுக்கு இண்டைக்கு லீவு."

நெத்தியில் பிளாஸ்டர்

ஒரு தபால்காரர் கண்ணாடியைத் தன்ர கண்ணுக்குக் கிட்டப் பூட்டச் சொல்லி அடம் பிடிச்சார். சுடேக்க துவக்குப் பின்னுக்கு உதைக்கும், கொஞ்சம் தள்ளி வைப்பம் எண்டு நான் சொன்னதை அந்த மனுசன் கேக்கவேயில்லை. வீட்டுக்குக் கொண்டு போய்த் தானே கிட்ட இழுத்துப் பூட்டியிருக்கிறார். அடுத்த கிழமை நெத்தியில பிளாஸ்டரோட வந்து நிண்டார். நான் மேசைக்குப் பின்னால ஒதுங்கினன். ஆனால் கூட வந்த அவரின்ர மனிசி என்னைப் பாத்துச் சிரிச்சா. "நீர் பயப்படாதையும். இந்த வருசம் இவர் சுட்டதில அடிபட்டது இவர் மட்டும்தான்."

பேக்கரிக்காரரின் கோவம்

வேட்டைக் காலம் முடியப் போகேக்க, நான் பயந்தது நடந்தது. பேக்கரிக்காரர் ஒருத்தர் துவக்கை மேசையில வைச்சார். "கைக்கெட்டின மானை விட்டிட்டன். கண்ணாடி ஆடுது." தொட்டுப் பாத்தன். உண்மையாவே ஆடிச்சுது. பூட்டினது நான்தான். வெடிச்ச விரலும் சவுக்காரத் தண்ணியும் கண்ணுக்கு முன்னால வந்திட்டுது.

ரூடி ஆணியைக் கழற்றினார். புரியெல்லாம் கிறீஸ். "இதை ஆர் பூசினது?" எண்டு கேட்டார். பேக்கரிக்காரர் நெஞ்சை நிமித்தினார். "நான்தான். ஆமியில அப்பிடித்தானே பழக்கினவை? சனிக்கிழமை எண்டால் கழற்றி, துடைச்சு, ஒவ்வொண்டுக்கும் கிறீஸ். ஒண்டையும் விடமாட்டன்." இந்த நாட்டு ஆம்பிளையள் எல்லாரும் கட்டாயப் பயிற்சிக்கு ஆமிக்குப் போய் வந்த ஆக்கள். கிறீஸ் பூசாத இரும்பைக் கண்டால் அவையளுக்கு நித்திரை வராது. கிறீஸ் பட்ட ஆணி வெடி அதிர்வுக்கு மெல்ல மெல்லக் கழரும் எண்டதை ஆமியில ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லைப் போல.

ரூடி துவக்கை என்னட்டைத் தந்தார். பேக்கரிக்காரர் பக்கத்தில நிண்டு பாக்கப் பாக்க, பென்சினால துடைச்சு ரெண்டு விரலால பூட்டினன். மூண்டு பேருமாச் சுடுற இடத்துக்குப் போனம். பேக்கரிக்காரர் சுட்ட வெடியெல்லாம் ஒரே இடத்தில பட்டுது. எனக்கு அழுகை வரப் பாத்தது, சந்தோசத்தில. தான் பூசினது பிழை எண்டு அவர் கடைசிவரை ஒத்துக்கொள்ளேல்லை. ரூடியிட்டை மட்டும் சொன்னார்: "இனி என்ர துவக்கை இந்தப் பெடியன்தான் பூட்டவேணும். நீர் கை வைக்கவேண்டாம்."

என்ர கைத்திறமையாலதான் சுவிஸில வேலை நிரந்தரமாச்சு எண்டு ஊருக்கெல்லாம் எழுதினனான், ஆனால் உண்மையில அது ஒரு பேக்கரிக்காரர் சனிக்கிழமையில பூசின கிறீசால கிடைச்சது.