அடுப்புக்கு மேலே காய்ந்த புத்தகம்

ஈரப் புத்தகத்தை நெருப்புக்கு மேலே காயப்போட்டால் என்ன வாசனை வரும் என்று தெரிந்தவர்கள் ரொம்பப் பேர் இருக்க மாட்டார்கள். நனைந்த கோணிச்சாக்கும் பழைய கோந்தும் சீகை விறகின் புகையும் கலந்த ஒரு வாடை அது. அதை முகர்ந்துகொண்டேதான் நான் சோறு தின்று வளர்ந்தேன். வட்டக்கானலில் ஐப்பசி பிறந்துவிட்டால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து குடியேறிவிடும், துணி காயாது, தீப்பெட்டி பற்றாது, சுவரெல்லாம் பாசி பிடிக்கும், அலமாரிப் புத்தகங்கள் ஊறிப்போய் வயிறு உப்பிக் கிடக்கும். அம்மா அவற்றை நாலைந்தாக அள்ளி வந்து, அடுப்புக்கு மேலே கட்டியிருந்த கம்பியில் நடுவே விரித்துக் கருவாடு மாதிரித் தொங்கவிடுவாள். குழம்பு கொதித்தால் ஆவி பட்டுவிடும் என்பதால் அந்த நாள்களில் எங்களுக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும்தான்.

புத்தகங்கள் எங்களுடையவை அல்ல. அம்மா ஒரு நாலு அறை விடுதியைப் பார்த்துக்கொண்டாள். முதலாளி கொடைக்கானல் ஊருக்குள் இருந்தார். பெருக்குவது, படுக்கை விரிப்பது, வெந்நீர் போடுவது, வருகிறவர்களுக்குச் சாவி கொடுப்பது எல்லாம் அவள் பொறுப்பு. பின்பக்கச் சமையலறையும் அதை ஒட்டிய ஒரு அறையும் எங்கள் வீடு. அப்பா சீசனில் ஜீப் ஓட்டுவார். மழை தொடங்கி ஆள்வரத்து நின்றதும் கீழே அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகளுக்கு வேலைக்கு இறங்கிவிடுவார். "வெரசா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், பொங்கலுக்கு முந்தி தலை காட்டியதாக எனக்கு நினைவில்லை.

அதற்கப்புறம் அந்த விடுதியில் நானும் அம்மாவும் மட்டும். பள்ளிக்கூடம் ஏற்றத்தில், ஊருக்குள் இருந்தது. பாதையில் மரம் விழுந்தாலும் மண் சரிந்தாலும் போக முடியாது. போன நாளிலும் திரும்பும் வழியில் என்னோடு நடக்க யாரும் கிடையாது. சரிவில் இருந்த மற்ற வீட்டுப் பெண்கள் அம்மாவை "சிலோன்காரி" என்பார்கள். வன்மமாக அல்ல, கேலியாகத்தான். அவள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்தப் பக்கம் வந்தவள். டீயைத் "தேத்தண்ணி" என்பாள். அவள் தேத்தண்ணி என்றதும் நாலு பேர் சிரிப்பார்கள். "வாயத் தொறந்தாத்தானே சிரிக்கிறாங்க" என்று அவள் வாயைத் திறப்பதையே குறைத்துக்கொண்டாள். எனக்கு அதுதான் பெரிய கஷ்டம். உலகத்தில் எனக்கென்று இருந்த ஒரே பேச்சுத் துணையும் பேசாமல் இருந்தால் ஒரு பிள்ளை என்ன செய்யும்? அலமாரிக்கு முன்னால் போய் உட்காரும்.

முன்கூடத்தில் இருந்த அந்த அலமாரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வருகிற பயணி தான் படித்து முடித்த புத்தகம் ஒன்றை அதில் வைப்பார்; பதிலுக்கு அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு போவார். வைக்காமல் எடுக்கக் கூடாது. முதலாளியே இதை ஒரு பலகையில் ஆங்கிலத்தில் எழுதி ஆணியடித்திருந்தார். அதனால் பூமியில் உள்ள பாஷை எல்லாம் அங்கே இருந்தது, தமிழைத் தவிர. இஸ்ரேலில் இருந்து வந்தவர்கள் விட்டுப்போன புத்தகங்கள் வலப்பக்கத்திலிருந்து திறக்கும். அவைதான் எண்ணிக்கையில் அதிகம் என்பதால், புத்தகம் என்றால் அப்படித்தான் திறக்கும்போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, ஒன்றாம் வகுப்பில் தமிழ்ப் பாடநூலைக் கடைசிப் பக்கத்திலிருந்து திறந்து வைத்துக்கொண்டு பயபக்தியோடு உட்கார்ந்திருந்தவள் நான். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

எழுத்துத் தெரியாவிட்டால் என்ன, புத்தகத்தில் எழுத்து மட்டுமா இருக்கிறது? நான் முதன்முதலில் கடல் மணலைத் தொட்டது ஒரு புத்தகத்தின் தையலிடுக்கில். சில பக்கங்களில் குழம்புக் கறை இருக்கும், சிலவற்றில் ரயில் டிக்கெட், ஒன்றில் நீளமான செம்பட்டை முடி. கூட்டமாக வருகிறவர்கள் புத்தகம் எடுப்பதில்லை, தனியாக வருகிறவர்கள்தான் தடித்தடிப் புத்தகமாகப் பார்த்து எடுப்பார்கள். சாப்பிடும்போது எதிரே சாய்த்து வைத்துக்கொள்வார்கள். எச்சில் கையோடு பக்கம் திருப்பிய அடையாளத்தைப் பார்த்தாலே, ஐயோ, இவருக்கும் யாருமில்லை என்று தெரிந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் என்றால் வேறு என்னவோ பிறவி என்று ஊரில் பேசிக்கொண்ட காலத்தில், எனக்கு அவர்கள் நம்மைப் போல் தனியாக இருந்து சாப்பிடுகிறவர்கள் என்று தெரிந்திருந்தது.

ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் அடைமழை. அம்மா ஒரு நாள் ஒட்டிக்கொண்ட பக்கங்களைக் கத்தி முனையால் பிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அது ஜெர்மன் பாஷையில் இலங்கையைச் சுற்றிப் பார்க்க வழி சொல்லும் புத்தகம். முழுப்பக்கத்துக்கு ஒரு படம்: தேயிலைச் சரிவு, அதன் நடுவே தகரக் கூரை போட்ட வீடுகளின் நீண்ட வரிசை, கடைசி வீட்டு வாசலில் கொடியில் ஒரு சிவப்புச் சேலை, பக்கத்தில் முகம் தெரியாமல் குனிந்திருக்கும் ஒரு பெண்.

"இந்தா, இங்க வா புள்ள. இது எங்க லயம்டி. மேக்கணக்கு. இந்தா, இந்தத் தொங்கல் வீடுதான் நாங்க இருந்தது" என்றாள் அம்மா.

தோட்டத்தின் மேல்பகுதிக்கு "மேக்கணக்கு" என்றும், வரிசை வீடுகளுக்கு "லயம்" என்றும், அதில் கடைசி வீட்டுக்குத் "தொங்கல் வீடு" என்றும் பெயர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு மட்டும் அவள் பேசிய பேச்சு, அதற்கு முந்தி ஒரு வருஷம் பேசியதைவிட அதிகம். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தப்படிப்பது, கொழுந்துக்கூடை, அட்டைக்கடி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த கொய்யா. அதற்குப் பிறகு சாயங்காலமானால் அந்தப் புத்தகத்தை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறப்பாள். என் அம்மாவுக்கு வாய் திறக்கும். எனக்கு அந்தப் படத்தைப் பற்றி ஒரு அக்கறையும் இல்லை. அவள் பேச்சுதான் வேண்டியிருந்தது. பார்த்து முடித்ததும் ஒழுங்காகக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிடுவாள், மறுநாள் மறுபடி எடுப்பாள்.

"நம்மளே வச்சுக்கலாமேம்மா" என்று கேட்டேன்.

"அது விருந்தாளிக சொத்து. ஒண்ண வச்சாத்தான் ஒண்ண எடுக்கலாம். நம்மகிட்ட வைக்க என்னா கெடக்கு?"

அந்த மழையில் ஒரு பெண்மணி ஒற்றை ஆளாக வந்து சேர்ந்தார். லேனா என்று பெயர். ஐம்பது வயதிருக்கும், தலை நரைத்திருந்தது. அறை குளிர்கிறது என்று தன் தடிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டார். அம்மாவுக்குத் தெரிந்த ஆங்கிலம் "ஹாட் வாட்டர்", "நோ கரண்ட்" இரண்டும்தான். எனக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். ஆனால் யாரும் பேச வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அடுப்புக்கு ஒரு பக்கம் அவர் படிப்பார், மறுபக்கம் நான் என் தமிழ்ப் பாடநூலைப் படிப்பேன், அம்மா பீன்ஸ் நறுக்குவாள். சில நேரம் என் புத்தகத்தில் விரலை வைத்து இது என்ன என்று புருவத்தால் கேட்பார். "ஆ" என்பேன். "ஆ" என்பார். "ழ" என்றபோது அவருக்கு "ள"தான் வந்தது என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரிப்புக்கு ஆளாகியே பழகியவள் சிரித்ததைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஆனால் வந்த அன்றைக்கே அவர் அலமாரியைத் துழாவி, அந்த இலங்கைப் புத்தகத்தைக் கண்டுபிடித்து, "ஓ!" என்று நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அவருடைய பாஷை, இங்கிருந்து அவர் போகப்போவதும் இலங்கைக்குத்தான். கையிலிருக்கும் புத்தகத்தை முடித்ததும் மாற்றிக்கொள்வதாகச் சொல்லித் திரும்ப வைத்தார். அன்றிலிருந்து அவர் எத்தனை பக்கம் திருப்புகிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அவருடைய தடிப் புத்தகத்தில் மீதிப் பக்கம் மெலிந்துகொண்டே வந்தது. இந்த மனுஷி இங்கேயே இருக்க வேண்டும் என்றும் இருந்தது. மெதுவாகப் படித்துத் தொலைக்கக் கூடாதா என்று எரிச்சலாகவும் இருந்தது. அம்மா சாயங்காலம் படத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் வெள்ளனே எழுந்து பார்த்தால், லேனா முடித்துவிட்ட புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் மழையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே ஓடினேன். என் தமிழ்ப் பாடநூலை எடுத்துவந்து அலமாரியில் வைத்தேன். இலங்கைப் புத்தகத்தை எடுத்து அரிசிப் பானைக்குப் பின்னால் சொருகினேன். திருட்டு இல்லை. ஒன்றை வைத்துத்தானே ஒன்றை எடுத்திருக்கிறேன்!

கொஞ்ச நேரத்தில் லேனா என் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றார். அம்மாவுக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது. "கூறுகெட்ட கழுத, சோலி பாக்குற எடத்துல இந்த வேலையா?" என்று என் முதுகில் ஒன்று வைத்தாள். பானைக்குப் பின்னாலிருந்து புத்தகத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள்.

லேனா வாங்கினார். தினமும் திறந்து பழகிய புத்தகம், கையில் வந்ததும் தானாக அந்தப் பக்கத்தில் விரிந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா படத்தில் கடைசி வீட்டைத் தொட்டாள், பிறகு தன் நெஞ்சைத் தொட்டாள். தன் தோட்டத்தின் பெயரைச் சொன்னாள். லேனா சட்டென்று புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டி அங்கே பொடி எழுத்தில் எதையோ தேடிப் படித்தார். கொஞ்ச நேரம் நிமிரவே இல்லை. பிறகு அந்தப் பெயரை அம்மா சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லி, "யெஸ்" என்று தலையாட்டினார். புத்தகத்தை மூடி அம்மாவின் கையிலேயே வைத்து அழுத்தினார்.

தன் தடிப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு, வழக்கம் வழக்கம்தான் என்பதுபோல, என் பாடநூலைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த நாள் கிளம்பிவிட்டார். இலங்கைக்கு வழி சொல்லும் புத்தகத்தை விட்டுவிட்டு ஐந்தாம் வகுப்புத் தமிழோடு இலங்கைக்குப் போன ஒரே மனுஷி அவராகத்தான் இருக்கும். ஜீப் வளைவில் திரும்பி மறைந்ததும் நான் அழுதேன். அடுப்புக்கு மறுபக்கம் காலியாக இருந்ததைப் பார்த்து அம்மாவும் அழுதாள் என்றுதான் நினைக்கிறேன். அவள் புகை என்றாள்.

"புத்தகம் எங்க?" என்று டீச்சர் கேட்டபோது, "வெள்ளைக்காரம்மா கொண்டுபோயிட்டாங்க டீச்சர்" என்று உள்ளதைத்தான் சொன்னேன். வகுப்பே சிரித்தது, என்னை முட்டி போடவைத்தார்கள். அந்த வருஷம் முழுக்கப் பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை எட்டிப் பார்த்தே படித்தேன். அவள் பெயர் ஜெபராணி. எட்டிப் பார்த்துப் பார்த்தே சிநேகிதியானோம். ஏற்றத்தில் என்னோடு சேர்ந்து நடந்த முதல் ஆள் அவள்தான். அவளும் பிறகு அப்பாவுக்கு வேலை மாறி மலையைவிட்டுப் போய்விட்டாள்.

கல்லூரிக்குப் போன பிறகு ஒரு விடுமுறையில் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். எந்தப் பக்கத்துப் படம் எந்த ஊரில் எடுத்தது என்ற விவரம் அங்கே இருந்தது. அம்மா பார்க்கும் படத்துக்கு நேராக இருந்த ஊர் அம்மாவின் ஊர் இல்லை. வரைபடத்தில் தேடினேன், பக்கத்தில்கூட இல்லை, வேறு ஏதோ மலை. லேனா ஏன் அவ்வளவு நேரம் நிமிராமல் இருந்தார் என்று அப்போதுதான் விளங்கியது. நானும் அவரைப் போலவே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இப்போது விடுதியில் அந்த அலமாரி இல்லை. முதலாளியின் மகன் அதை எடுத்துவிட்டு டிவி மாட்டியிருக்கிறார். தனியாக வருகிறவர்கள் இன்னமும் தனியாகத்தான் சாப்பிடுகிறார்கள், போனை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு. போனவர்களைப் பற்றி ஒரு மணலும் ஒரு முடியும்கூடச் சொல்வதற்கு மிச்சம் இல்லை. அடுப்பும் கேஸ் அடுப்பாகிவிட்டது. புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டபோது, அம்மா அந்த ஒன்றை மட்டும் இடுப்பில் சொருகிக்கொண்டு என்னோடு கீழே வந்துவிட்டாள்.

போன ஐப்பசியில் அவள் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது, இத்தனை வயதுக்கு மேல் என்ன என்று தோன்றி, "அம்மா, அது உங்க தோட்டம் இல்ல" என்றேன்.

அவள் நிமிரக்கூட இல்லை.

"எனக்குத் தெரியாதா? மொத நாளு ராவே தெரியும். எங்க லயத்துல கூரைக்குப் பின்னால ஒரு பெரிய பாறை இருக்கும், இதுல இல்ல. எங்க லயத்தையெல்லாம் எவன் வந்து படம் புடிச்சான்?"

"அப்பறம் ஏம்மா இத்தன வருசமா இதப் பாக்குற?"

வாசலில் காயும் அந்தச் சிவப்புச் சேலைக்குப் பக்கத்தில், குனிந்திருக்கும் பெண்ணின் மேல் விரலை வைத்தாள். அந்த இடத்தில் படம் தேய்ந்து வெளுத்திருந்தது.

"இந்தா, இவ இருக்கால்ல. நீ பள்ளிக்கூடம் போயிருவ. இவகிட்டத்தான் பேசிக்கிட்டு இருந்தேன். இவளும் தேத்தண்ணின்னுதானே சொல்லுவா."