கேட்டில் கை தூக்கியவர்

முக்கொம்பு சாலையில் ஒரு சர்க்கரை ஆலையில் நான் கரும்பு வண்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். ஆலையின் கெமிஸ்ட் ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். ஒல்லி ஆள்; நெற்றியில் நாமம், காதிடுக்கில் சாக்பீஸ். ஒவ்வொரு இயந்திரத்தைச் சுற்றியும் தரையில் கோடு போட்டுவிடுவார். கோட்டுக்குள் போன சரக்கின் அளவும் வெளியே வந்த அளவும் ஒத்துப்போகாவிட்டால் சோறு இறங்காது அவருக்கு.

ஒரு சீசனில், சாற்றில் இருந்த சர்க்கரை முழுதும் மூட்டைக்கு வந்து சேரவில்லை. ஆட்கள்தான் திருடுகிறார்கள் என்று மானேஜர் கேட்டில் வாட்ச்மேனை விட்டு உடல் சோதனை வைத்தார். கெமிஸ்டும் அந்த வரிசையில் நின்று கை தூக்கினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"உங்களுக்கு எதுக்குங்க இது?"

"கோட்டைத் தாண்டிப் போறது எதுவானாலும் கணக்குல வரணும். நானும்தான்."

அப்புறம் ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டு போனார். சாறு பிழியும் இடத்தில் சரி, தெளியவைக்கும் தொட்டியில் சரி, காய்ச்சும் கொப்பரையில் கணக்கு உதைத்தது. அதன் ஆவி குளிர்ந்து விழும் தண்ணீரை என் உள்ளங்கையில் ஊற்றினார். நக்கினேன், இனித்தது! சாறு பொங்கி, ஆவியோடு சேர்ந்து சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. மானேஜரும் நக்கிப் பார்த்தார். சோதனை நின்றது.

மறுநாள் சாயங்காலம் ஆட்கள் கைவீசிக்கொண்டு வெளியே போனார்கள். கடைசியாக வந்த கெமிஸ்ட் மட்டும் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். என்ன செய்வதென்று தெரியாமல் வாட்ச்மேன் சலாம் வைத்தார்.